ரமோனாவிடம் சொன்னது

ப்ரோவோ, யூட்டா
11 ஜனவரி 1995, புதன்கிழமை

அன்புத் தங்கை நெட்ராவுக்கு,

இவ்விடத்தில் என் வலது முழங்கால் நீங்கலாக யாவும் நலம். அவ்விடத்து நலத்தையும், குறிப்பாக உன் இருமலின் இன்றைய நிலையையும் அறிய விழைகிறேன்.

இன்று பிற்பகல் ஒரு மணிக்குக் கார்த் என்னை நம் சபையின் ஊழியப் பயிற்சி மையத்தின் வாசலில் இறக்கிவிட்டான். அங்கே வரிசையாக நின்ற வண்டிகளில் எல்லாம் பெற்றோர் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டுக்கொண்டிருந்தனர். மகன் தாயைக் கொண்டுவந்து விட்டது எங்கள் வண்டி ஒன்றுதான். பெட்டியை இறக்கிவைத்துவிட்டு என் அருமை மகன் சொன்னது இது: "இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகலம்மா. பேசாம வண்டியில ஏறுங்க. ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்டுல இருக்கலாம்." நான் அவனுடைய கழுத்துப்பட்டையை நேராக்கிவிட்டு உள்ளே நடந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை என்பதை அவனிடமிருந்தே நீ கேட்டிருப்பாய்.

புதிதாக வருபவர்களின் பெயர்ப்பட்டையில் ஒரு ஆரஞ்சுப் பொட்டு ஒட்டுகிறார்கள். பொட்டைக் கண்டதும் வழியில் போகிறவர் எல்லாரும் நம் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு உதவ வேண்டும் என்பது வழக்கம். பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் என் பெட்டியைத் தூக்கி வந்தான். ஊழியத்துக்கு வந்த பையன்களுக்கெல்லாம் இங்கே "மூப்பர்" என்று பட்டம். அறுபத்து நான்கு வயதான நான் வெறும் "சகோதரி". மூப்பருக்கு மீசை அரும்பவில்லை என்பதைப் பணிவோடு பதிவுசெய்கிறேன்.

இனி முக்கியச் செய்தி. மாலையில் எங்கள் பிரிவின் தலைவர் ஸ்டாக்கர் என்னைத் தனியே அழைத்தார். கார்த் அவருக்கு என் முதுகுக்குப் பின்னால் இரண்டு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறான். என் காது மந்தமாம், நினைவு தளர்கிறதாம், புதிய மொழி எனக்கு ஏறாதாம். ஆகவே ஒரு வாரம் பார்ப்பார்களாம். அடுத்த புதன்கிழமை முடிவு. மொழி ஏறினால் எனக்கு ஏற்கனவே அழைப்பு வந்த குவாத்தமாலா. ஏறாவிட்டால் சால்ட் லேக்கில் பார்வையாளர் கூடத்து வரவேற்பு மேசை. ஆங்கிலத்தில் "வாருங்கள்" என்று பதினெட்டு மாதங்கள் புன்னகைக்க வேண்டும்.

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் நான். வீடு வீடாக விற்க வந்தவனிடம் வாங்கிய கலைக்களஞ்சியத்தைப் பால் கறந்த நேரம் போக மிச்ச நேரத்தில் முதல் பக்கத்திலிருந்து படித்தவள். எனக்கு எது ஏறும், எது ஏறாது என்பதைக் கார்த் நிர்ணயிக்க வேண்டியதில்லை.

கடிதம் எழுத வாரத்தில் ஒரே ஒரு நாள் என்பது இங்குள்ள விதி. அவ்விதி மீசை அரும்பாதவர்களுக்கானது என நான் முடிவுசெய்துவிட்டேன்.

என் வீட்டுக் குழாய்கள் உறையாமல் பார்த்துக்கொள்வாயாக.

உன் தமக்கை,
வெர்லா ஆல்ரெட்


ஆல்டர் க்ரீக், ஐடஹோ
13 ஜனவரி, வெள்ளி

அக்காவுக்கு,

இருமல் போன வாரம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. குழாய் உறையவில்லை. உன் பூனை என்னைக் கண்டால் கட்டிலுக்கு அடியில் போகிறது; அதுவும் நம் ஊர்ச் சபை பிஷப்பின் ஆள் போலிருக்கிறது.

நேற்று கார்த் வந்தான். "சித்தி, அம்மா ஒரு வாரம் தாங்க மாட்டாங்க. வீட்டைச் சூடாவே வெச்சிருங்க, அடுத்த வாரம் கூட்டிட்டு வந்துருவேன்" என்றான். "உங்கம்மா எட்டாவதோட பள்ளிக்கூடத்தை நிறுத்தினா. பிடிவாதத்தை நிறுத்தலையேடா" என்றேன். கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனான். சபையில் பெரிய பதவிக்காரன், ஓங்கிச் சாத்தக்கூட மாட்டான்.

ஆனால் உன் கலைக்களஞ்சியத்தின் கடைசி 'இசட்' தொகுதியை அந்த விற்பனைக்காரன் கொண்டுவந்து கொடுக்கவே இல்லை என்பதை மறந்துவிடாதே. வரிக்குதிரையைப் பற்றி உனக்கு இன்றுவரை ஒன்றும் தெரியாது.

ஒரு விஷயம் ஒப்புக்கொள்கிறேன். உன் சமையலறையில் காபி போட்டுக் குடித்தேன். சபை காபியை விலக்கியிருப்பதால் நாற்பது வருடமாகக் காபி வாசனை ஏறாத வீடு. வெளியே தண்ணீர் உறையும் குளிர், ஆனாலும் சன்னலைத் திறந்துவைத்தேன். கார்த்தின் மூக்கு உனக்குத் தெரியுமே.

கூடத்தில் இருக்கும் படங்களைத் துடைத்தேன். ஜோலீன் கல்யாணப் படத்தையும். என் மகளின் கல்யாணப் படமாக இருந்தாலும் பதினோரு வருடமாக அதைப் பக்கத்தில் போய்ப் பார்த்ததில்லை. ஓரத்தில் நிற்கிறேன், தொப்பி கோணலாக இருக்கிறது. அன்றைக்கு ஒருத்தராவது சொல்லியிருக்கலாம்.

முழங்காலுக்கு அந்தப் பச்சைத் தைலத்தைத் தேய்.

நெட்ரா


ப்ரோவோ
14 ஜனவரி, சனிக்கிழமை

அன்புத் தங்கைக்கு,

என் முழங்கால் இங்குள்ள படிக்கட்டுகளோடு ஒருவாறு சமாதானம் செய்துகொண்டது. உன் கடிதம் இன்னும் வந்து சேரவில்லையாயினும் உன் இருமல் குறைந்திருக்கும் எனக் கொண்டு எழுதுகிறேன்.

ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் வகுப்பு. எங்கள் வகுப்பில் எட்டுப் பேர்: ஆறு மூப்பர்கள், நான், என் துணை. இங்கே ஒவ்வொருவருக்கும் ஒரு துணை உண்டு. இருவரும் ஒருவர் கண்ணைவிட்டு ஒருவர் அகலக் கூடாது. என் துணை சகோதரி ப்ரூயிட், நெவாடாவில் பல் மருத்துவரிடம் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். எந்நேரமும் கையில் பின்னல் ஊசி. "வெர்லா, எனக்கு ஸ்பானிஷ்ல 'வாயைத் திறங்க' மட்டும் தெரிஞ்சாப் போதும், மிச்சத்தை நீ பாத்துக்கோ" என்கிறாள்.

நேற்று, அதாவது வந்த மூன்றாம் நாளே, எங்களை மெய்யாகவே ஊழியம் செய்ய அனுப்பிவிட்டார்கள். ரமோனா என்றொரு பெண். இருபத்தைந்து வயதிருக்கலாம். சிவப்புக் கம்பளிச் சட்டை. சலவைக்கூடத்தில் வேலை. ஆங்கிலம் அறவே தெரியாது. இந்நாட்டில் அவளுக்கு ஒருவரும் இல்லை. நம் சபையைப் பற்றி அறிய விரும்பித் தானாக வந்திருக்கிறாள். ஒவ்வொரு இணையாக அவளிருந்த அறைக்குள் போனோம்.

இருபத்திரண்டு வாக்கியங்களை மனப்பாடம் செய்திருந்தேன். நான்காவதில் எல்லாம் போய்விட்டது. அப்போது ரமோனா தானே முன்வந்து, "உங்களுக்குக் குடும்பம் இருக்கா?" என்று கேட்டாள். என் கைவசம் இருந்த சொற்கள் முப்பதுக்கு மேல் இரா. அவற்றைக் கொண்டு குடும்பத்தைப் பற்றி ஏதோ சொன்னேன். சொல்வளம் போதாமையால் மிகச் சுருக்கமாகவே சொல்ல நேர்ந்தது. அவள் அழுதாள். நெட்ரா, நடிப்பில்லாத அழுகை.

எனவே உன்னிடம் ஒரு வேண்டுகோள். நீ சபைப் பக்கம் போவதில்லை என்பதை அறிவேன். ஆயினும் பிஷப் ஹாட்ச்சிடம் ரமோனாவின் பெயரைக் கொடுத்து, பெண்கள் அவளுக்காக ஒரு நாள் நோன்பிருக்கச் சொல்வாயாக. கார்த்திடம் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

உன் தமக்கை,
வெர்லா


ஆல்டர் க்ரீக்
17 ஜனவரி, செவ்வாய்

அக்கா,

நான் நலம், பூனை நலம். உன் கடிதம் கிடைத்தது.

மதியமே பிஷப் வீட்டுக்குப் போனேன். உனக்காகத்தான், வேறு எதற்காகவும் இல்லை. அவர் கதவைத் திறந்து என்னைப் பார்த்ததும் யாரோ செத்துவிட்டார்கள் என்றே நினைத்துவிட்டார். ரமோனாவைப் பற்றிச் சொன்னேன். "ஸ்பானிஷ் வகுப்பா? முதல் வாரமா? மூணாவது நாளா?" என்று வரிசையாகக் கேட்டார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பி இருமினார். எனக்கு இருமல் இருக்கிறது, எனக்குத் தெரியும், அது இருமல் இல்லை. ஆனால் திரும்பும்போது முகம் ஒழுங்காக இருந்தது. "செஞ்சிடலாம் நெட்ரா" என்றார்.

வியாழக்கிழமை ஏழு பெண்கள் நோன்பு. பெயர் எழுதிக்கொண்டது சபைப் பெண்கள் குழுவின் தோரா. "நெட்ரா, நீ சபை வாசலை மிதிச்சு எத்தனை வருஷமாச்சு! கதவுக்கே உன்னை அடையாளம் தெரியாதேடி" என்றாள். "கதவு வாயை மூடிட்டுத்தான் இருக்கு தோரா, நீதான் திறந்து வெச்சிருக்கே" என்றேன். என்னையும் எட்டாவதாகச் சேர்த்துக்கொள்ளவா என்று கேட்டாள். மாட்டேன் என்றேன். மாட்டேன் என்றால் மாட்டேன்தான்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். குடும்பத்தைப் பற்றி அவளிடம் என்ன சொன்னாய்? முப்பது சொற்களில் ஒருத்தியை அழவைக்க முடியுமென்றால், முப்பதாயிரம் சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு எங்களை இத்தனை வருடம் ஏன் தூங்கவைத்தாய்?

நாளைக்குத்தானே முடிவு? தைலம் தேய்த்துக்கொண்டு போ.

நெட்ரா


ப்ரோவோ
18 ஜனவரி, புதன்கிழமை

அன்புத் தங்கைக்கு,

உடல்நலம் பற்றி விசாரித்தெழுதும் மனநிலையில் நான் இல்லை. முறை கருதி விசாரிக்கிறேன். நலந்தானே?

ரமோனா என்று ஒருத்தி இல்லை.

இன்று காலை எங்கள் புதிய ஆசிரியை வகுப்புக்குள் வந்தாள். அதே முகம். சிவப்புச் சட்டைக்குப் பதில் நீலப் பாவாடை, மார்பில் பெயர்ப்பட்டை. சகோதரி கின்டானியா, குவாத்தமாலாவில் பிறந்தவள், இங்கேயே பல்கலைக்கழகத்தில் படிப்பவள், ஆங்கிலம் என்னைவிட வேகமாகப் பேசுகிறாள். முதல் வாரத்தில் ஆசிரியர்களே சபையைப் பற்றி விசாரிக்க வந்தவர்களைப் போல நடிப்பார்களாம். ஆண்டாண்டாக இதுதானாம் வழக்கம். மூப்பர்கள் ஆறு பேரும் அண்ணன்மார் வாயிலாக முன்பே அறிந்திருந்தனர். ஒருவனும் என்னிடம் சொல்லவில்லை. "நீங்க அவ்வளவு மும்முரமா ஜெபம் பண்ணிட்டிருந்தீங்க சகோதரி, எப்படிச் சொல்றதுன்னு தெரியல" என்றான் பெட்டி தூக்கியவன்.

கின்டானியா என் மேசையருகே வந்து, "மன்னிச்சுக்குங்க, சகோதரி ஆல்ரெட். அது பயிற்சிதான்" என்றாள்.

"நீங்க நடிச்சீங்க. நான் நடிக்கலை" என்றேன்.

அவள் என் மேசையில் பாடப் புத்தகத்தை வைத்துவிட்டுக் கரும்பலகைக்குப் போனாள்.

முடிவைப் பற்றிக் கேட்டிருந்தாய் எனக் கொள்கிறேன். முடிவு தள்ளிப்போயிற்று. அதற்குக் காரணம் மொழி அன்று. நேற்றுச் செவ்வாய்க்கிழமை எங்களுக்கு ஓய்வு நாள். எதிர் மேட்டிலுள்ள ஆலயத்துக்கு எல்லாரையும் அழைத்துச் சென்றனர். நான் உள்ளே போகவில்லை. வெளியே ஒரு பலகையில் பனியைத் துடைத்துவிட்டு இரண்டு மணி நேரம் அமர்ந்திருந்தேன். துணை என்னைவிட்டு அகலக் கூடாதென்ற விதியால் ப்ரூயிட்டும் அமர நேர்ந்தது. "நான் என்ன பாவம்டி பண்ணினேன் வெர்லா? எனக்கு அனுமதிச் சீட்டு இருக்குடி! உள்ள வெதுவெதுன்னு இருக்கும்டி!" என்று முதல் ஒரு மணி நேரமும் புலம்பினாள். இரண்டாம் மணி நேரத்தில் ஒரு காலுறையைப் பின்னி முடித்தாள்.

தலைவர் ஸ்டாக்கர் காரணம் கேட்டார். "பனியில காரணமில்லாம ரெண்டு மணி நேரம் உட்கார்ற அம்மாவை நான் எப்படி வேற தேசத்துக்கு அனுப்பறது? உங்க மகன் எழுதினது சரியோன்னு தோணுதில்ல?" என்றார். காரணம் இருக்கிறது, ஆனால் அது முதலில் போய்ச் சேர வேண்டிய இடம் வேறு என்றேன். காரணம் கூறாவிட்டால் வரவேற்பு மேசைதான் என்றார். கூற மாட்டேன் என்றேன்.

அக்காரணத்தை இக்கடிதத்திலும் விரித்துரைக்க நான் முற்படவில்லை.

உன் தமக்கை,
வெர்லா


ஆல்டர் க்ரீக்
21 ஜனவரி, சனி

அக்கா,

ஊருக்கே தெரிந்திருக்கிறது! ஊழியத்துக்குப் போய்வந்த ஒவ்வொருவனுக்கும் தெரிந்திருக்கிறது. பிஷப் இருமியது அதற்குத்தான். உனக்கும் எனக்கும்தான் தெரியவில்லை. நீ முன்னே போனதில்லை, எனக்கு யாரும் சொன்னதில்லை.

உன் கடிதம் இன்று காலைதான் வந்தது. நோன்பு வியாழக்கிழமையே முடிந்துவிட்டது. ஏழு பெண்கள் ஒரு நாள் முழுக்க இல்லாத ஒருத்திக்காகப் பட்டினி கிடந்தார்கள். பிஷப் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். "தெரிஞ்சேதான் விட்டீங்களா?" "நோன்பு வீணாப் போகாது நெட்ரா. யாருக்குப் போகணுமோ அவங்களுக்குப் போகும்" என்றார். அவர் நல்லவர்தான். ஆனால் எனக்கு அன்றைக்கு நல்லவர்களைப் பிடிக்கவில்லை.

கார்த் அங்கேயே இருந்தான்; ஸ்டாக்கர் மூலம் அவனுக்கு எல்லாம் முன்பே தெரிந்திருந்தது. "அம்மா யாரோ நடிக்க வந்த பொண்ணுக்காக அழுதுட்டு வந்து பனியில உட்கார்ந்திருக்காங்க சித்தி. இதுக்கு மேல என்ன அத்தாட்சி வேணும்?" என்று சிரித்தான். அவன் சிரிப்புக்கு நடுவிலேயே சொன்னேன்: "டேய், உங்கம்மா ஏமாந்தா. ஏமாறாத நீ இதுவரைக்கும் யாருக்காகடா ஒரு வேளை பட்டினி கிடந்திருக்கே?" பிஷப் மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பினார். இந்தத் தடவை நான் கோபித்துக்கொள்ளவில்லை.

வியாழக்கிழமை நானும் ஒன்றும் சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை, அவ்வளவுதான். காபியும் இல்லை.

இப்போது நேராகவே எழுதுகிறேன், உன்னால் முடியாது போலிருக்கிறது. 1984 மே மாதம். என் மகள் கல்யாணம். காபி குடிக்கிறவளுக்கு ஆலயத்துக்குள் போக அனுமதிச் சீட்டு கிடையாது என்பதால் பெற்ற தாய் வெளியே பலகையில் உட்கார்ந்திருந்தேன். நீ உள்ளே போனாய். அன்றிலிருந்து நீயும் நானும் மழையைப் பற்றியும் உருளைக்கிழங்கு விளைச்சலைப் பற்றியும்தான் பேசியிருக்கிறோம்.

நீ செவ்வாய்க்கிழமை உட்கார்ந்தது அந்தப் பலகையிலா, இல்லை வெறும் பலகையிலா?

இதற்கு மட்டும் பதில் எழுது.

நெட்ரா


ஆல்டர் க்ரீக்
9 பிப்ரவரி

அக்கா,

பத்தொன்பது நாள் ஆகிறது. இருமல் விட்டுவிட்டது, உனக்குக் கேட்கத் தோன்றவில்லை. குழாய் உறைந்து வெடித்தது, கார்த் வந்து சரிசெய்தான், என்னோடு பேசவில்லை.

நீ இன்னும் அங்கேதான் இருக்கிறாய் என்பது மட்டும் தெரியும். திரும்பி வந்திருந்தால் அவன் பேசியிருப்பான்.

நெ.


ப்ரோவோ
25 பிப்ரவரி, சனிக்கிழமை

நெட்ரா,

உன் இருமல் நின்றதில் மகிழ்ச்சி. அது இப்போது என்னிடம் இருக்கிறது.

உன் கேள்விக்கு ஐந்து முறை பதில் எழுதினேன். ஐந்தையும் கிழித்தேன். ஐந்திலும் நல்ல வாக்கியங்கள் இருந்தன. என்னால் அவற்றுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள முடிந்தது.

இடையில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு செவ்வாயும் அந்தப் பலகையில்தான் உட்காருகிறேன். ப்ரூயிட் இப்போது புலம்புவதில்லை, கம்பளம் கொண்டுவருகிறாள். ஆறாவது காலுறை நடக்கிறது. தலைவர் ஸ்டாக்கர் இரண்டாம் வாரம் கின்டானியாவை அழைத்து, என்னைப் பற்றிக் கேட்டார். நான் அங்கேயே இருந்தேன். "மனப்பாடத்துல எல்லாத்துலயும் கோட்டை விட்டாங்க" என்றாள் அவள். "ஆனா அந்த எட்டுப் பேர்ல ஒருத்தங்கதான் எங்கிட்ட ஸ்பானிஷ்ல ஒரு விஷயம் சொன்னாங்க. மத்தவங்க ஒப்பிச்சாங்க." என்ன விஷயம் என்று கேட்டார். "அது ரமோனாகிட்ட சொன்னது. நான் சொல்ல முடியாது" என்றுவிட்டாள். அவரிடம் வேலை பார்க்கிற இருபத்து மூன்று வயதுப் பெண், அவர் முகத்தைப் பார்த்தே சொன்னாள். அவளுக்காகத்தான் அவர் மார்ச் எட்டாம் தேதி வரை கெடு கொடுத்தார். அன்றைக்குள் காரணம் சொல்ல வேண்டும்.

உனக்குச் சொல்லாமல் அவருக்குச் சொல்ல மாட்டேன். அதனால் ரமோனாவிடம் சொன்னதை, என்னிடம் அப்போது இருந்த சொற்களிலேயே எழுதுகிறேன். அழகுபடுத்தவில்லை.

எனக்கு ஒரு தங்கை. நல்ல தங்கை.
தங்கையின் மகள். கல்யாணம். பெரிய வெள்ளை வீடு.
தங்கை வெளியே. பலகை. இரண்டு மணி நேரம்.
நான் உள்ளே. அங்கே அம்மாவுக்கு ஒரு நாற்காலி. அது தங்கை நாற்காலி. நான் அந்த நாற்காலியில்.
நான் வெளியே வருகிறேன். தங்கையிடம், "வானம் நன்றாக இருக்கிறது" என்கிறேன்.
வேறு ஒன்றும் சொல்லவில்லை. பல வருடம்.
எனக்கு அந்த நாற்காலி பிடிக்கிறது.

அவள் அழுதது கடைசி வரிக்கு.

வெர்லா


ஆல்டர் க்ரீக்
4 மார்ச், சனி

அக்கா,

உன் இருமலுக்குத் தேனும் எலுமிச்சையும். பச்சைத் தைலம் நெஞ்சுக்கு ஆகாது, முழங்காலுக்குத்தான்.

கடிதம் செவ்வாய்க்கிழமையே வந்தது. உனக்கு உடனே எழுதவில்லை. முதலில் உன் தலைவர் ஸ்டாக்கருக்கு எழுதினேன். நகல் இது:

"ஐயா, நான் வெர்லா ஆல்ரெட்டின் தங்கை. என் அக்காவின் மூளை நன்றாக வேலை செய்கிறது. காது மந்தமில்லை, பிடிக்காததைக் கேட்க மாட்டாள், அவ்வளவுதான். பனியில் அவள் காரணமில்லாமல் உட்காரவில்லை, தனியாகவும் உட்காரவில்லை. என்னோடு உட்கார்ந்திருக்கிறாள். நான் பதினோரு வருடம் முன்னால் வந்துவிட்டேன், அவள் இப்போதுதான் வந்தாள். காரணம் எனக்கு வந்து சேர்ந்துவிட்டது, உங்களுக்குத் தேவையில்லை. அவளைக் குவாத்தமாலாவுக்கு அனுப்புங்கள். வரவேற்பு மேசையில் உட்காரவைத்தால் வருகிறவர்களுக்குத்தான் சிரமம். இப்படிக்கு, நெட்ரா, காபி குடிப்பவள்."

நேற்று அவரே தொலைபேசியில் கூப்பிட்டார். "உங்க கடிதத்தைப் படிச்சேன்மா" என்றார். அப்புறம், "அவங்களுக்குக் கொசு வலை வாங்கணும்" என்றார். ஆகவே நீ போகிறாய். உனக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிட்டது. இந்த ஒரு தடவையாவது.

கார்த்துக்கு நான்தான் போய்ச் சொன்னேன். "யார் சித்தி அவரை ஒத்துக்கவெச்சது?" என்றான். "ரமோனா" என்றேன்.

இனி நம் விஷயம். அந்த நாற்காலி உனக்குப் பிடித்திருந்தது என்று எனக்கு அன்றே தெரியும். படி இறங்கி வரும்போதே உன் நடையில் தெரிந்தது. நீ அதைச் சொல்லுவாய் என்பதுதான் தெரியாது.

திருத்தம் ஒன்று. இரண்டு மணி நேரமில்லை, இரண்டே முக்கால். நடுவில் புல்தரைக்குத் தண்ணீர் பீய்ச்சும் குழாய் திறந்துகொண்டு என் மேலெல்லாம் அடித்தது. தொப்பி கோணலானது அதனால்தான். நீ வானம் நன்றாக இருக்கிறது என்று சொன்னபோது என் கைப்பையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நீ பார்த்தாய். அதை ரமோனாவிடம் சொல்லவில்லை. சொட்டு என்பதற்கான ஸ்பானிஷ் சொல்லை நீ அப்போது படித்திருக்க மாட்டாய் என்று விட்டுவிடுகிறேன்.

போகும் முன் ஒரு செவ்வாய் மிச்சமிருக்கிறது. மீதி முக்கால் மணி நேரத்தையும் உட்கார்ந்துவிட்டுப் போ. ப்ரூயிட்டை விட்டுவிடு, பாவம்.

நான் சபைக்குத் திரும்பவில்லை. திரும்பப் போவதுமில்லை. தோரா என் பெயரை ஏதோ பட்டியலில் எழுதியிருக்கிறாள், அடிக்கச் சொல்லியிருக்கிறேன்.

உன் வீடு பத்திரமாக இருக்கிறது. தினமும் காலையில் உன் சமையலறையில்தான் காபி போடுகிறேன். இப்போதெல்லாம் சன்னலைத் திறப்பதில்லை.

நெட்ரா


குவாத்தமாலா
2 ஏப்ரல் 1995

நெட்ரா,

நலம். முக்கால் மணி நேரமும் உட்கார்ந்தேன். ப்ரூயிட் எழுந்து போக மறுத்துவிட்டாள்.

கைப்பையைப் பார்த்தேன். சொட்டியதையும் பார்த்தேன்.

சன்னல் மூடியே இருக்கட்டும்.

அக்கா